சித்தப்பா ஆன்லைனில் இல்லை!

● மோடம் பிரியன், மயிலாப்பூர்
நம் நாட்டுக்கு இன்டர்நெட் எப்போது வந்தது சித்தப்பா?

1995 ஆகஸ்ட் 15. சுதந்திர தினத்தன்றுதான் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. மாணவர்களுக்குக் கொடுத்த கணக்கில் படம் கிடையாது, எழுத்து மட்டும். மோடம் 'கீ... கர்ர்ர்' என்று கத்தி லைன் கிடைக்கும். அந்த நேரம் பார்த்து அம்மா, பெரியம்மாவுக்குப் பேச ரிசீவரை எடுத்தால் நெட் காலி. இந்த நாட்டில் ஒழுங்காக வேலை செய்த ஒரே ஸ்கிரீன் டைம் கட்டுப்பாடு அதுதான்!

● கணக்குப்பிள்ளை, காரைக்குடி
வலையைக் கண்டுபிடித்தவர் இந்நேரம் உலகப் பணக்காரர் ஆகியிருப்பாரே?

டிம் பெர்னர்ஸ்-லீ 1989-ல் யோசனை சொன்னார். அவர் வேலை பார்த்த செர்ன் ஆய்வுக்கூடம் 1993 ஏப்ரல் 30 அன்று, 'யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதியே கொடுத்துவிட்டது. அவருக்குக் கிடைத்தது 'சர்' பட்டம். மற்றவர்களுக்குக் கிடைத்தது, சர்ர்ரென்று ஏறிய சொத்து.

● பழைய பயல், பாளையங்கோட்டை
அப்போது நெட் என்றாலே குஷி. இப்போது திறந்தாலே கசப்பு. எனக்கு வயசாகிவிட்டதா?

வயசும் ஆகியிருக்கும். ஆனால் காரணம் அது இல்லை. அன்றைக்கு நீங்கள் நெட்டுக்குப் போனீர்கள். பிரவுசிங் சென்டரின் பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்து, மணிக்கு இவ்வளவு என்று அழுது, ரிசல்ட் பார்த்து, மெயில் அனுப்பி, வீட்டுக்குக் கிளம்பினீர்கள். இப்போது அது உங்கள் வீட்டுக்கே வந்து, தலைமாட்டில் படுத்து, கக்கூஸ் வரை கூடவே வருகிறது. விருந்தும் மருந்தும் மூணு நாள். இது எத்தனை வருஷம்?

● தனிமரம், தேனி
ஃபேஸ்புக்கில் என் நண்பர்கள் போடுவதே கண்ணில் படுவதில்லை. முன்பின் தெரியாதவன் பல் தேய்ப்பதுதான் வருகிறது. ஏன்?

கோரி டாக்டரோ என்ற எழுத்தாளர் மூன்று கட்டமாகப் பிரித்துச் சொல்கிறார். முதல் கட்டம்: உங்களைத் தாங்குவார்கள். சொந்தபந்தம் அத்தனையும் உள்ளே வந்து நீங்கள் நகர முடியாமல் ஆனதும் இரண்டாம் கட்டம்: உங்களைக் காட்டி விளம்பரதாரரைத் தாங்குவார்கள். அவரும் மாட்டிக்கொண்டதும், இருவரையும் சேர்த்துப் பிழிவார்கள். இதற்கு அவர் வைத்த பெயரைக் குடும்பப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது. நீங்கள் மூன்றாம் கட்டத்தில் இருக்கிறீர்கள், வாழ்த்துகள்.

● விரல் வலிக்காரர், விருதுநகர்
ரீல்ஸைத் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிறதே, எந்தப் புண்ணியவான் செய்த வேலை?

ஏஸா ராஸ்கின், 2006. அதுவரை பக்கத்தின் அடியில் 'அடுத்த பக்கம்' என்று ஒன்று இருக்கும். அதை அமுக்கப் போகிற அரை நொடியில்தான் 'போதும்டா சாமி' என்ற ஞானம் பிறக்கும். அந்த அரை நொடியைத்தான் கழற்றிவிட்டார். பிற்பாடு, இப்படி ஆகிவிட்டதே என்று அவரே வருத்தப்பட்டார். அந்தச் செய்தியையும் நாம் தள்ளிக்கொண்டே போய்விட்டோம்.

● கடுப்பு கந்தசாமி, கரூர்
பாப்-அப் விளம்பரம் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால்..?

கையை இறக்குங்கள், மன்னிப்புக் கேட்டுவிட்டார். ஈதன் ஸக்கர்மன். 1990-களில், ஒரு கார் கம்பெனியின் விளம்பரம் ஏடாகூடமான பக்கத்தில் வந்து தொலைக்க, கம்பெனிக்காரர்கள் குதித்தார்கள். சரி, விளம்பரத்தைத் தனி ஜன்னலில் காட்டுவோம் என்று நிரல் எழுதினார். 2014-ல் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். நெட் உலகில் கண்டுபிடித்தவர்கள் வரிசையாக மன்னிப்புக் கேட்கிறார்கள். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் பாக்கி.

● தூக்கம் தொலைத்தவன், துறையூர்
இன்னும் ஒரே ஒரு எபிசோட் என்று மணி மூன்றாகிவிடுகிறது. என்ன செய்ய?

'எங்களுக்குப் போட்டி தூக்கம்தான்' என்ற அர்த்தத்தில் நெட்ஃப்ளிக்ஸின் ரீட் ஹேஸ்டிங்ஸ் 2017-லேயே பேசிவிட்டார். துறையூர் தொகுதியில் அவர் முன்னிலை!

● இல்லத்தரசி, ஈரோடு
என் வீட்டுக்காரர் எப்போதும் சிடுசிடு. ஃபேஸ்புக்தான் காரணமா?

2012-ல் ஃபேஸ்புக் 6,89,003 பேரை, அவர்களுக்கே தெரியாமல், ஒரு வாரம் சோதித்தது. நல்ல பதிவுகளைக் குறைத்துக் காட்டியபோது அவர்கள் எழுதியதிலும் கொஞ்சம் கசப்பு கூடியது. கொஞ்சம் என்றால் துளியூண்டு. 2014-ல் விஷயம் வெளியே வந்து உலகமே கத்தியது. ஆனால், சாம்பாரில் உப்பில்லை என்று உங்கள் வீட்டுக்காரர் தட்டைத் தள்ளியது அவருடைய சொந்தத் திறமை.

● சந்தேகப் பிராணி, சிவகாசி
நெட்டில் என்னோடு சண்டை போடுவது நிஜ ஆள்தானா?

நியாயமான சந்தேகம். 2024-ல் இணையப் போக்குவரத்தில் பாதிக்கு மேல் தானியங்கி நிரல்கள்தான் என்று இம்பெர்வா என்ற பாதுகாப்பு நிறுவனம் கணக்குச் சொன்னது. 'நான் ரோபோ இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்து, சிக்னல் கம்பம், சைக்கிள் எல்லாம் அடையாளம் காட்டிக்கொண்டு வாசலில் நிற்பது நீங்கள். உள்ளே ஜாலியாகத் திரிவது ரோபோ.

● புது மருமகள், புதுக்கோட்டை
ரசம் வைப்பது எப்படி என்று தேடினால், ரசத்தின் வரலாறு, ரசமும் நானும், பாட்டியின் கைமணம் என்று போய்க்கொண்டே இருக்கிறது. புளியே வரவில்லை!

இடையிடையே விளம்பரம் சொருக இடம் வேண்டாமா? இந்தாருங்கள்: புளித்தண்ணீரில் தக்காளியைப் பிசைந்துவிட்டு, மஞ்சள்தூள், உப்பு போட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிடுங்கள். தட்டிய மிளகு, சீரகம், பூண்டு போட்டு, தண்ணீர் விளாவி, நுரை கட்டியதும் இறக்கிக் கடுகு தாளியுங்கள். அவ்வளவுதான். நடுவில் யாராவது உங்களுக்கு மெத்தை விற்றார்களா?

● குரூப் கைதி, கும்பகோணம்
குடும்ப வாட்ஸப் குரூப்பில் விடிந்தால் 40 குட்மார்னிங். வெளியேறினால் பாவமா?

சத்தமில்லாமல் நழுவும் வசதியை வாட்ஸப் 2022-ல் கொடுத்துவிட்டது. நீங்கள் போனதாக அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும். ஆனால் உங்கள் குரூப்பின் அட்மின் பெரிய அத்தையாக இருப்பாரே! அதனால் மியூட்டில் 'எப்போதும்' என்பதைத் தட்டுங்கள். அத்தைக்கு மரியாதை, காதுக்கு நிம்மதி.

● ஓய்வு பெற்ற ஆசிரியர், ஒரத்தநாடு
வீடியோ காலில் ஒருவர் சி.பி.ஐ. என்று சொல்லி, 'நீங்கள் டிஜிட்டல் அரெஸ்ட்டில் இருக்கிறீர்கள், நகரக் கூடாது' என்றார். பயந்துவிட்டேன்.

ஐயா, அப்படி ஒரு கைதே சட்டத்தில் கிடையாது. போனை வையுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அடியுங்கள். இன்னொன்று: நிஜப் போலீஸ் எந்தக் காலத்தில் இத்தனை மணி நேரம் உங்களிடம் பொறுமையாகப் பேசியிருக்கிறது?

● கல்வெட்டு, காஞ்சிபுரம்
நெட்டில் போட்டது அழியவே அழியாது என்கிறார்களே?

2013-ல் இருந்த வலைப் பக்கங்களில் 38 சதவீதம் 2023-ல் காணோம் என்கிறது அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம். ஜியோசிட்டீஸ் தளம் 2009-ல் போனது, ஆர்க்குட் தளம் 2014-ல் போனது. நல்ல கட்டுரை, பழைய நண்பர்களின் அரட்டை எல்லாம் போய்விடும். காலேஜில் நீங்கள் எழுதிப் போட்ட காதல் கவிதை? அது பத்திரமாக இருக்கும், கவலைப்படாதீர்கள்.

● ரோஷக்காரன், ராமநாதபுரம்
'ஃபேஸ்புக்கை விட்டே போகிறேன்' என்று பதிவு போட்டேன். ஒருத்தரும் தடுக்கவில்லையே!

கணக்கை அழிக்கச் சொன்னால் ஃபேஸ்புக் 30 நாள் தவணை தரும். மனசு மாறினால் அதற்குள் உள்ளே போய் ரத்து செய்துவிடலாம். ஃபேஸ்புக்குக்கே உங்கள் ரோஷம் எத்தனை நாள் தாங்கும் என்று தெரிந்திருக்கிறது. உங்கள் நண்பர்களுக்குத் தெரியாதா?

● எளிமை விரும்பி, எட்டயபுரம்
பட்டன் போனுக்கு மாறினால் ஞானம் வருமா?

வராது. சார்ஜ் நிற்கும்.

● இன்பாக்ஸ் அடிமை, ஈங்கூர்
கம்ப்யூட்டர் தெரிந்த எவராவது மெயில் இல்லாமல் வாழ முடியுமா?

டொனால்ட் நூத் வாழ்கிறார். கணினி அறிவியலின் பிதாமகர், ஓய்வுபெற்ற ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர். 1990 ஜனவரி 1-லிருந்து அவருக்கு மின்னஞ்சல் முகவரி கிடையாது. அதற்கு முன் சுமார் 15 வருஷம் பயன்படுத்தியிருக்கிறார். ஒரு ஆயுளுக்கு அது போதுமாம். நாமெல்லாம் மெயில் ஐடி ஆரம்பிக்கும் முன்பே மனிதர் அலுத்துப்போய் வெளியே வந்துவிட்டார். இதைத்தான் தொலைநோக்கு என்பது.

● துறவி (தற்காலிகம்), திருச்செந்தூர்
ஒரு வருஷம் முழுசாக நெட்டை விட்டால் வாழ்க்கை சொர்க்கமாகிவிடாதா?

பால் மில்லர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 2012 ஏப்ரல் கடைசியில் விட்டுப் பார்த்தார். முதல் சில மாதம் அமோகம். படித்தார், எழுதினார், உடம்பு இளைத்தது. அப்புறம் சோபா, வீடியோ கேம், சோம்பல். 2013 மே மாதம் திரும்பி வந்து, 'நான் நினைத்தது தப்பு' என்று எழுதினார். நெட்டைக் கழற்றலாம், சோம்பேறித்தனத்துக்கு பிளக் பாயின்ட் கிடையாது.

● ஊர்த் தலைவர், ஊத்துக்குளி
தனி ஆளால் முடியாது. ஊரே சேர்ந்து அணைத்தால்?

மகாராஷ்டிராவில் சாங்லி மாவட்டத்து வட்கான் கிராமத்தில் 2022-ல் அதைத்தான் செய்தார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு சைரன், டி.வி., செல்போன் எல்லாம் அணைக்க வேண்டும். பிள்ளைகள் படிக்க, பெரியவர்கள் பேச, ஒன்றரை மணி நேரம். எட்டரைக்கு மறுபடி சைரன். உங்கள் ஊரில் கொண்டுவந்தால் முதல் எதிர்ப்பு சீரியல் பார்க்கும் மாமியார்களிடமிருந்து வரும். ஹெல்மெட்டோடு போங்கள்.

● பேரன் பித்து, பெரம்பலூர்
பேரன் போனைக் கொடுத்தால்தான் சாப்பிடுகிறான். சட்டம் எதுவும் இல்லையா?

ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல், 16 வயது நிரம்பாதவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கத் தடை. அடுத்து 60 தாண்டியவர்களுக்கும் ஒரு சட்டம் வேண்டும். பேரன் கைக்குப் போன் நடந்தா வந்தது?

● அமைதி தேடி, அம்பத்தூர்
டிஜிட்டல் டீடாக்ஸ் ரிசார்ட் ஒன்று, லாக்கரில் போனை வாங்கி வைத்துக்கொள்ள ஆயிரக்கணக்கில் கேட்கிறது. போகலாமா?

பொள்ளாச்சியில் வால்பாறை பஸ் ஏறுங்கள். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு. பாதி வளைவில் டவர் தானாக ஒழியும், மீதி வளைவில் வயிறு கலங்கிப் போனைப் பார்க்கவே தோன்றாது. டிக்கெட் காசோடு முடிந்தது.

● விமர்சகன், விழுப்புரம்
நெட்டில் நல்லது எதுவுமே மிச்சமில்லையா?

இருக்கிறதே! 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம். பழந்தமிழ் நூல்களை, உலகெங்கும் உள்ள தமிழர்கள் சம்பளமில்லாமல் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். 2003 முதல் தமிழ் விக்கிப்பீடியா. 1996 முதல், செத்த பக்கங்களையும் சேர்த்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ். மூன்றிலும் ஒரு ஒற்றுமை: 'ஏன் என்னைப் பார்க்க வரவில்லை?' என்று ராத்திரி பதினொரு மணிக்கு உங்களை யாரும் தட்டி எழுப்ப மாட்டார்கள்.

● செய்திப் பைத்தியம், செங்கல்பட்டு
ஒதுங்கிவிட்டால் நாட்டுநடப்பு தெரியாமல் போய்விடுமே?

தகவல் பெருகப் பெருகக் கவனம் வற்றும் என்று 1971-லேயே சொன்னார், பின்னாளில் நோபல் வாங்கிய ஹெர்பர்ட் சைமன். உங்களுக்கு உண்மையிலேயே தெரிய வேண்டிய செய்தி எப்படியும் வந்து சேரும். நேற்று ராத்திரி நீங்கள் பார்த்த முப்பது ரீல்ஸில் மூன்றைச் சொல்லுங்கள் பார்ப்போம். பெட்ரோல் விலை? அது பார்க்காமலே தெரிகிறது!

● பற்றற்றவன், பழனி
அப்படியானால் ஒரே வெட்டாக வெட்டிவிட்டு மலையேறிவிடவா?

ஏறலாம். ஆனால் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற தம்பி ஓ.டி.பி. கேட்பார், ஆதாருக்கு ஓ.டி.பி., பேங்குக்கு ஓ.டி.பி., ரயில் டிக்கெட்டுக்கும் அதே கதை. ஆசையைத் துறந்துவிடலாம், ஆறு இலக்கத்தைத் துறக்க முடியாது. இது உங்கள் பலவீனம் இல்லை, ஏற்பாடு அப்படி. போன் இல்லாத கிழவிக்கும் காரியம் நடக்கிற கவுன்டர் ஒன்று எல்லா ஆபீஸிலும் இருந்தாக வேண்டும் என்று கேளுங்கள். மலையேறுவதைவிட அது நல்ல தவம்.

● குழம்பியவன், குளித்தலை
விடவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது. என்னதான் செய்ய சித்தப்பா?

மூன்றே காரியம். போனை எடுக்கும்போது எதற்கு எடுக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்ல வரவில்லையா, கீழே வையுங்கள். மனுஷர் அனுப்புகிற நோட்டிஃபிகேஷன் இருக்கட்டும், கம்பெனி அனுப்புவதை எல்லாம் அணையுங்கள். கடைத்தெருவில் ஒரு அலாரம் டைம்பீஸ் வாங்கித் தலைமாட்டில் வைத்து, போனைக் கூடத்தில் படுக்கப் போடுங்கள். ஒரு மாதத்தில் கசப்பு போகாவிட்டால் எனக்கு எழுதுங்கள். கமென்ட்டில் இல்லை, அஞ்சலட்டையில். இன்னும் 50 காசுதான்.