ஆஜர் பட்டியலுக்கு ஒரு விஞ்ஞாபனம்

பூம்பாறை,
கொடைக்கானல் தாலுகா.

மகா மேன்மை பொருந்திய மனிதவளத் துறையின் சமூகத்துக்கு, பழனி மலையில், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,920 மீட்டர் உயரத்தில், கொடைக்கானலுக்கு மேற்கே மன்னவனூர் போகிற பாதையில், படிப்படியாய் வெட்டிய பூண்டு வயல்களுக்கும் குழந்தை வேலப்பர் கோயிலுக்கும் நடுவே ஓர் ஓட்டு வீட்டில் குடியிருந்துகொண்டு, தங்கள் கம்பெனியின் சம்பளப் பட்டியலில் இந்த மாதம் வரைக்கும் பெயர் நீடிக்கிற பாக்கியத்தைப் பெற்றிருக்கும் ஊழியன், வந்தனத்துடன் எழுதிக்கொண்ட விஞ்ஞாபனம் என்னவென்றால்:

மூடுபனி சற்றே விலகிக் கைபேசியில் இரண்டு கோடு தெரிந்த ஒரு சுபமுகூர்த்தத்தில் சமூகத்தின் சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. அடுத்த மாதம் முதல் சகல ஊழியர்களும் வாரத்துக்கு மூன்று தினங்கள் சென்னை அலுவலகத்தில் ஆஜராகி, வாசலில் அட்டையைத் தேய்த்து, தாங்கள் வந்திருப்பதை யந்திரத்துக்கு ருசுப்படுத்த வேண்டும் என்றும், மனிதர்கள் ஒருவரோடொருவர் தற்செயலாகச் சந்திக்கிற இடங்களில், விசேஷமாகக் காபி யந்திரத்தின் அருகில், புதுப்புது யோசனைகள் உற்பத்தியாகின்றன என்று மேலிடம் கண்டறிந்திருப்பதாகவும் அதில் படித்துப் பரவசமடைந்தேன். அந்தக் காபி யந்திரத்தை நான் அறிவேன். அதன் முன்னே சக ஊழியர்களோடு நெடுநேரம் நின்றிருக்கிறேன். அவரவர் கைபேசியை அவரவர் பார்த்துக்கொண்டு, முணுமுணுப்புக்கூட இல்லாமல், ஒரு மடாலயத்துக்குரிய மௌனத்தை நாங்கள் அங்கே காத்துவந்தோம். அந்த மௌனத்தில் பிறந்த ஒரே யோசனை, யந்திரத்தில் சர்க்கரையைக் குறைக்க வழியுண்டா என்பதுதான். என் பக்கத்து நாற்காலிக்காரர் ஏதேனும் கேட்க விரும்பினால் கழுத்தைத் திருப்ப மாட்டார். கணினி வழியாகச் செய்தி அனுப்புவார். மீட்டிங் என்று வந்தாலோ, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஹைதராபாத்தில் இருப்பவரோடும் அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால் இருப்பவரோடும் பேசுவோம். ஆகவே சென்னையில் ஆஜராகி இருந்த காலத்திலும் நான் தூரத்திலிருந்துதான் வேலை பார்த்தேன் என்பதையும், அப்போது அதற்காகக் கூடுதலாக வீட்டு வாடகையும், தினந்தோறும் இரண்டரை மணி நேரப் பஸ் பிரயாணமும் செலவழிந்தன என்பதையும் சமூகம் பெரிய மனது பண்ணிக் கவனிக்க வேண்டும்.

மலைமேல் உட்கார்ந்துகொண்டு ஒருவன் உத்தியோகம் பார்ப்பதா என்று சமூகம் திகைப்பதாகத் தெரிகிறது. முன்னுதாரணம் இல்லாத காரியத்தை நான் செய்யத் துணிவேனா? 1864இல் சர் ஜான் லாரன்ஸ் என்ற கவர்னர் ஜெனரல், கல்கத்தாவின் புழுக்கம் தாளாமல், இந்திய சர்க்காரையே மூட்டை கட்டி ஆயிரம் மைலுக்கு அப்பால் சிம்லாவில் கொண்டுபோய் வைத்தார். வருஷத்தில் பெரும்பகுதி இந்தத் தேசத்தின் பரிபாலனம் அங்கிருந்துதான் நடந்தது. சென்னை ராஜதானியின் பிரபுக்களும் சும்மா இருக்கவில்லை. கோடை பிறந்ததும் கவர்னரும் காரியதரிசிகளும் குமாஸ்தாக்களும் கோப்புக் கட்டுகளும் உதகமண்டலம் ஏறிவிடுவார்கள். கடற்கரையில் இருந்த கோட்டை, எஜமானரின் வருகைக்காக மாதக் கணக்கில் காத்திருக்கும். அந்தத் துரைமார்களின் நிர்வாகத்தைப் பற்றி எத்தனையோ குற்றம் சொல்லலாம், சொல்லியும் இருக்கிறோம். ஆனால் அவர்கள் அட்டை தேய்க்கவில்லை என்று யாரும் குற்றம் சாட்டியதாகத் தெரியவில்லை. அவர்கள் கொண்டுபோனது மாட்டு வண்டி நிறையக் காகிதம்; நான் கொண்டுவந்தது தோளில் தொங்குகிற ஒரு பை.

அவர்கள் அரசாண்டவர்கள், நீ ஊழியன் என்று சமூகம் சொல்லக்கூடும். நியாயமே. ஆகையால் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஒருவரையே சாட்சியாகக் கூப்பிடுகிறேன். தாது வருஷப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை இந்த ராஜதானியைச் சூறையாடிய பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனின் முகத்தில் தோன்றுகிற கரும்புள்ளிகளுக்கும் சம்பந்தம் உண்டோ என்று சர்க்காருக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. சூரியனை ஒழுங்காகப் பார்த்தால்தான் சந்தேகம் தீரும். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் ஒரு வானாய்வுக்கூடம் இருந்தது. ஆனால் கடலோரத்து வானத்தைக் காட்டிலும் மலைமேல் வானம் தெளிவு. ஆகவே மிச்சி ஸ்மித் என்பவரின் மேற்பார்வையில், 2,343 மீட்டர் உயரத்தில், கொடைக்கானலில் புதிய கூடம் எழுப்பப்பட்டு, 1899இல் வேலை அங்கே மாறியது. 1907இல் ஜான் எவர்ஷெட் என்ற ஆங்கிலேயர் அங்கே உத்தியோகத்துக்கு வந்தார். 1909 ஜனவரியில், சூரியப் புள்ளியின் நிறமாலைக் கோடுகள் இம்மியளவு பிசகியிருப்பதைக் கண்டு, அந்தப் புள்ளியின் நடுவிலிருந்து வாயுக்கள் வெளிநோக்கி ஓடுகின்றன என்று அவர் ஊகித்தார். உலகத்து விஞ்ஞானப் புத்தகங்களில் இன்றும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர். பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பால் நடக்கிற காரியத்தை, என் வீட்டிலிருந்து ஒரு பஸ் பிரயாணத் தூரத்தில் உட்கார்ந்தபடி ஒருவர் கண்டுபிடித்தார் என்றால், தூரத்திலிருந்து வேலை செய்வதற்கு இதைவிட வேறென்ன நற்சாட்சிப் பத்திரம் வேண்டும்?

அந்தக் காலத்தில் தங்கள் துறை இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் சில இரவுகளில் கற்பனை செய்வதுண்டு. எவர்ஷெட் அவர்களுக்கு ஒரு சுற்றறிக்கை போயிருக்கும்: வாரத்துக்கு மூன்று தினங்கள் நுங்கம்பாக்கத்தில் ஆஜராகவும், சூரியன் சென்னையிலும் உதிப்பதாக நிர்வாகம் அறிகிறது, ஜன்னலோர நாற்காலி ஏற்பாடு செய்து தரப்படும். சூரியனுக்கும் தனியாக ஒரு தாக்கீது போயிருக்கும். அதன் வெளிச்சம் பூமிக்கு வந்து சேர எட்டு நிமிஷத்துக்கு மேல் ஆகிறது அல்லவா? தினந்தோறும் தாமதமாக ஆஜராகும் ஊழியனைத் தங்கள் யந்திரம் லேசில் விடாது. நல்லவேளையாக அன்றைய சர்க்கார் கேட்டது சூரியனின் படங்களை மாத்திரமே. நூறு ஆண்டுகளுக்கு மேல் எடுக்கப்பட்ட அந்தப் படங்கள் இன்று கணினியில் ஏற்றப்பட்டு, எந்த நாட்டு ஆராய்ச்சியாளருக்கும் பயன்படுகின்றன. ஆய்வுக்கூடத்தின் தலைமை நிலையமோ பெங்களூரில் இருக்கிறது. மலையில் இருக்கிற தொலைநோக்கியை வாரத்துக்கு மூன்று நாள் பெங்களூருக்கு அனுப்பும்படி இதுவரை யாரும் கேட்டதாகக் காணோம்.

இடத்துக்கும் குணத்துக்கும் சம்பந்தம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. எங்கள் ஊரில் இருந்துகொண்டு அதை மறுப்பவன் மூடன். கொடைக்கானல் மலைப் பூண்டு புவிசார் குறியீடு பெற்றது. அதாவது இந்தக் குளிரிலும் இந்த மண்ணிலும் விளைந்ததாலேயே அதற்கு இந்தக் காரமும் இந்த ஆயுளும் வந்தன என்று சட்டம் ஒப்புக்கொண்டு பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறது. இப்படிப்பட்ட பூண்டை விளைவிக்கிற குடியானவர், அதை மூட்டை கட்டி, மலையிறக்கி, தேனி ஜில்லாவில் இருக்கிற வடுகப்பட்டிச் சந்தைக்கு அனுப்புகிறார். அங்கே வியாபாரி பல்லைப் பார்ப்பார், எடையைப் பார்ப்பார், விலை சொல்வார். விளைந்த காலமெல்லாம் பூண்டு வடுகப்பட்டியில் ஆஜராகி இருந்ததா என்று கேட்க மாட்டார். தங்கள் துறைக்கோ பல்லும் எடையும் அவசியமில்லை. மூட்டை எந்தக் கிடங்கில் கிடந்தது என்பதுதான் பிரதானம்.

இந்த விஷயத்தில் தாங்கள் தனித்து நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2022 ஜூலையில் மத்திய வர்த்தக அமைச்சகம் சிறப்புப் பொருளாதார மண்டல விதிகளில் 43ஏ என்றொரு விதியைச் சேர்த்து, மண்டலத்துக் கம்பெனிகளின் ஊழியர்களில் பாதிப் பேர், அதிகபட்சமாக ஓராண்டு, வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்றது. ஓராண்டு கழிந்ததும் அவர்களுடைய மூளை சுங்க எல்லையைத் தாண்டிவிடும் என்று பயந்தார்களோ என்னவோ! பிறகு யோசித்து, அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே வரம்பைத் தளர்த்தினார்கள். அமைச்சகமே மனம் இளகுகிறபோது சமூகம் மாத்திரம் இறுகுவது அழகன்று.

என் பக்கத்துக் குறைகளை மறைத்து எழுதினால் விஞ்ஞாபனத்துக்கு மதிப்பில்லை. இங்கே சிக்னல் என்பது ஒரு தெய்வாதீனம். கொடைக்கானல் சிகரத்திலிருந்து 100.5 என்ற அலைவரிசையில் கோடைப் பண்பலை புறப்பட்டு, சமவெளியில் எத்தனையோ ஜில்லாக்களுக்குப் பாட்டுப் பொழிகிறது. ஆனால் மலையின் மடிப்புக்குள்ளே ஒளிந்திருக்கிற எங்களுக்கோ, ரேடியோ அலைகள் நேர்கோட்டில் செல்பவை, குன்றைச் சுற்றி வளைந்து வந்து குடிமக்களை விசாரிக்கும் சுபாவம் அவற்றுக்குக் கிடையாது என்ற பௌதிக பாடம் தினந்தோறும் நடைபெறுகிறது. மழை வலுத்தால் கரண்டு போகும். கரண்டு போனால் டவர் சற்று நேரம் மூச்சுப் பிடித்து நின்றுவிட்டுத் தானும் போகும். மீட்டிங்கில் நான் பேசிக்கொண்டிருக்கையில் என் முகம் திடீரென்று உறைந்து நின்றுபோவதைத் தாங்கள் அசிரத்தை என்று குறித்துக்கொண்டதாக அறிந்தேன். அது அசிரத்தையன்று, சாட்சாத் மேற்குத் தொடர்ச்சி மலை. வாசலில் காட்டுமாடு வந்து நின்ற தினத்தில் நான் தாமதித்ததற்கும் விளக்கம் கேட்டிருந்தீர்கள். ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு பிராணி தன் சௌகரியம்போல் நகர்கிற வரையில் காத்திருப்பதைத் தவிர, கம்பெனி ஒழுக்கக் கோவையில் வேறு மார்க்கம் காணப்படவில்லை.

இத்தனை குறைகளோடும் வேலை நடந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து சென்னை வெள்ளக்காடானபோது, பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டி எழும்பியிருக்கும் தங்கள் மாளிகையின் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்து, அட்டை தேய்க்கிற யந்திரமும் ஸ்நானம் செய்தது. அந்தச் சில தினங்களில் சமூகத்திடமிருந்து எனக்கு வந்த கடிதங்களின் தொனி நினைவிருக்கிறதா? மலையில் இருக்கிறவர்கள் தயவுசெய்து காரியத்தைக் கவனித்துக்கொள்ளவும் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து என்ற சொல்லைத் தங்கள் கையெழுத்தில் நான் கண்டது அந்த ஒரே சந்தர்ப்பத்தில்தான். வெள்ளம் வடிந்ததும் அந்தச் சொல்லும் வடிந்துவிட்டது.

மலையேறி வந்துவிட்ட என் போன்றவர்களால் ஊருக்கு நன்மை மாத்திரமே என்றும் நான் சொல்லவில்லை. போர்ச்சுகலின் மதேரா தீவில், போண்டா டோ சோல் என்ற கடற்கரைச் சிற்றூரில், 2021 பிப்ரவரியில் மடிக்கணினிக்காரர்களுக்கென்றே ஒரு கிராமத்தைத் திறந்து, உட்கார இலவச இடமும் கொடுத்து உபசரித்தார்கள். அத்தகைய உபசாரம் பூம்பாறைக்கு வந்துவிடக் கூடாதே என்பது என் அந்தரங்கப் பிரார்த்தனை. பட்டணத்துச் சம்பளம் வருகிறது என்று தெரிந்தால் ஓட்டு வீட்டுக்கும் பட்டணத்து வாடகை ஏறும். ஏறினால் இங்கே பிறந்து, விவாகமாகித் தனிக்குடித்தனம் போக வேண்டிய பையன் எங்கே போவான்? சுற்றறிக்கையில் இப்படி ஒரு காரணத்தைச் சொல்லி என்னைத் திரும்ப அழைத்திருந்தால், வெட்கத்தோடு மூட்டை கட்டியிருப்பேன். தாங்கள் சொன்னது காபி யந்திரம்.

எங்கள் குழந்தை வேலப்பர் கோயில் தேருக்கு முன்புறமும் வடம் உண்டு, பின்புறமும் வடம் உண்டு. தெருக்கள் ஏற்றமும் இறக்கமுமாக இருப்பதால், முன்னே சிலர் இழுக்க, பின்னே சிலர் பிடித்து நிறுத்துவார்கள். இருசாராருக்கும் தேர் நிலைக்கு வந்து சேர வேண்டுமென்பதே கருத்து. கம்பெனி என்ற தேரிலும் பின்வடம் தங்கள் துறையின் கையில் இருக்கிறது, அது தேவைதான். ஆனால் ஏற்றத்திலும் விடாமல் பின்னுக்கு இழுப்பவர்களைப் பூம்பாறையில் வடத்தை விட்டுக் கொஞ்சம் நகர்ந்து நிற்கச் சொல்வார்கள்.

ஆகையால் என் கோரிக்கை சுருக்கமானது. ஒப்புக்கொண்ட வேலை ஒப்புக்கொண்ட தேதியில் வந்து சேர்ந்ததா என்பதை மாத்திரம் கணக்கெடுங்கள். வரவில்லையானால் சம்பளத்தில் கை வையுங்கள், சம்மதம். அதிலும் திருப்தியில்லாமல், நான் பிரத்தியட்சமாக இருக்கிறேனா என்று அதிகாரி ஒருவரை நேரில் அனுப்பிப் பரிசோதிப்பதாக இருந்தால், அவருடைய சௌகரியத்துக்காகச் சில தகவல்கள். 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலுக்கு வருகிற வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் பெற வேண்டும். ஆஜர் அட்டையைக் காட்டினால் விடமாட்டார்கள். கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் பஸ்ஸில் ஏறினால் ஊர் எல்லையில் இறங்கலாம். வழியில் கைபேசி செத்துவிடும், பதற வேண்டாம். கம்பளிச் சட்டை அவசியம். மதியம் பூண்டு ரசத்துடன் சாப்பாடு என் பொறுப்பு. திரும்பும்போது வீட்டுக்குப் பூண்டு வாங்கிப்போக அவர் விரும்பினால், அன்றைய வடுகப்பட்டி விலைதான். கம்பெனி ஊழியர்களுக்கென்று தள்ளுபடி கிடையாது, பில்லும் கிடையாது.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள, ஆனால் கீழே இறங்கி வராத,
ஊழியன்