சிரட்டையா, சீசாவா?

மார்த்தாண்டம் பக்கம் புதிதாகத் தேனீப் பெட்டி வைத்தவரிடம் ஊரே கேட்கும் கேள்வி, "தேன் எப்போ எடுப்பீங்க?" அவரோ மளிகைக் கடையில் சர்க்கரைக்குப் பை நீட்டி நிற்பார். தேன் தரவேண்டிய பூச்சிக்கு நாம் இனிப்பு வாங்கிக் கொடுக்கிறோம் என்று வெளியே சொல்ல அவருக்குக் கூச்சம்.

கூச்சம் தேவையில்லை. ஒரு பெட்டியை இரண்டாகப் பிரித்தால், புதுக் குடும்பத்துக்குக் கூரை உண்டு, கையிருப்பு கிடையாது. அடையைத் தன் உடம்பிலிருந்தே கட்ட வேண்டும். வேலைக்காரத் தேனீயின் வயிற்றடியில் அதற்கென நான்கு ஜோடி மெழுகுச் சுரப்பிகள். ஒரு கிலோ மெழுகுக்கு ஆறு முதல் எட்டுக் கிலோ தேன் செலவு என்பது வளர்ப்போரின் பழைய கணக்கு. சரக்கு வராவிட்டால் இந்தியத் தேனீ மனு கொடுத்துக் காத்திருக்காது, ராணியோடு கிளம்பிவிடும். பெட்டி மட்டும் மிஞ்சும்.

குமரி மாவட்டத்துக்காரருக்கு இங்கே ஒரு மானப் பிரச்சினை. கருப்பட்டி இருக்க வெள்ளைச் சர்க்கரையா? ஆமாம். கருப்பட்டியிலும் வெல்லத்திலும் தேனீக்குச் செரிக்காதவை உண்டு. வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். சர்க்கரையும் தண்ணீரும் சம எடை, வெந்நீரில் கரைத்து ஆறவைத்தால் போதும். கம்பிப் பதம் பார்க்கும் கைகளுக்கு இதில் வேலையில்லை.

எதில் ஊற்றுவது என்பதில்தான் சண்டை. அமெரிக்கரான போர்ட்மேன் பெயரால் வழங்குவது, பெட்டி வாசலில் கவிழ்த்து வைக்கும் கண்ணாடிச் சீசா. பாகு எவ்வளவு குறைந்தது என்று திண்ணையில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். அடுத்த பெட்டித் தேனீக்களும் பார்க்கும். அருகே உணவு கண்ட தேனீ வீடு திரும்பி வட்டமாக ஆடும் என்று காட்டினார் 1973-ல் நோபல் பரிசு பெற்ற கார்ல் ஃபான் ஃபிரிஷ். 'பக்கத்துலதான் இருக்கு, தேடுங்க' என்பதே அந்த ஆட்டத்தின் சாரம். வாசலில் நாலு சொட்டு சிந்தினால் போதும், ஆட்டம் ஆரம்பம். தேடி வரும் கூட்டம் சீசாவோடு திருப்தி அடையாது. உள்ளே புகுந்து இருப்பையும் வழித்துக்கொண்டு போகும். வாசல் காக்க ஆள் போதாத புதுக் குடும்பத்துக்கு இதைப் பரிந்துரைப்பவர் அதன் பகையாளியாகத்தான் இருக்க வேண்டும்.

டூலிட்டில் என்ற இன்னொரு அமெரிக்கரின் பெயரில் வழங்குவது, அடைச்சட்டம் போலவே உள்ளே தொங்கும் ஒல்லித் தொட்டி. திருட்டுப் பயம் குறைவு. ஆனால் நம் நியூட்டன் பெட்டியில் புழு வளரும் அறையில் இருப்பதே ஏழு சட்டம். அதில் ஒன்றைத் தொட்டிக்குக் கொடுப்பது, குடியிருக்க வந்தவரிடம் ஓர் அறையைத் தண்ணீர் டேங்க் ஆக்கிக்கொள்ளச் சொல்வது மாதிரி. சுவர் வழவழப்பாக இருந்தால் குடிக்க இறங்கியவை ஏறி வராது.

மூடியில் ஊசித் துளை போட்டு, சட்டங்களின் மேல் கவிழ்க்கும் டப்பா புத்திசாலித்தனமானது. முதலில் சில சொட்டு விழும். உள்ளே காற்றழுத்தம் குறைந்ததும் பாகு துளையிலேயே நிற்கும், தேனீ நாக்கை நீட்டி உறிஞ்சும். பெட்டியில் வெயில் ஏறினால் கதை மாறும். டப்பாவுக்குள் இருக்கும் காற்று விரிந்து பாகைக் கீழே தள்ள, குடும்பத்துக்கே எதிர்பாராத அபிஷேகம்.

இத்தனைக்கும் பிறகு சிரட்டை. விலை இல்லை, பெயர் வைத்த துரை இல்லை. கண் இல்லாத பாதியை எடுத்து, பாகு ஊற்றி, காய்ந்த சுள்ளிகள் நாலைந்தை மிதக்கவிட வேண்டும். தேனீ சுள்ளிமேல் கால் ஊன்றிக் குடித்துவிட்டு வந்த வழியே நடந்து போகும். சுள்ளியை மறந்தால் விடியும்போது சிரட்டையில் மிதப்பது தேனீக்கள்தான். காலியாக இருக்கும் தேன் அறைக்குள், சட்டங்களின் மேல் அதை வைப்பார்கள். அதுவும் அந்தி சாய்ந்த பின், எல்லாப் பெட்டிக்கும் ஒரே நேரத்தில். ஒன்றுக்கு மட்டும் ஊற்றினால் மற்றவை பொறுக்காது. பெட்டி நிற்கும் தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தவில்லையென்றால் பந்தியில் முதல் இலை எறும்புக்கு.

ஜனவரி வாக்கில் ரப்பர் மரம் புது இலை விட ஆரம்பித்ததும், மூன்று சிற்றிலைகள் சேரும் இடத்துச் சுரப்பிகளில் இனிப்பு கசியும். அப்புறம் தேனீ சிரட்டையைத் திரும்பிப் பார்ப்பது குறையும், பாகு புளிக்கும். அதற்கு முன்பே ஊட்டுவதை நிறுத்திச் சிரட்டையை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மிச்சப் பாகு தேன் அறைக்கு ஏறி, ரப்பர் தேன் கேட்டு வருபவர் தேன் விலையில் மளிகைக் கடைச் சர்க்கரையை வாங்கிப் போவார்.