படத்துக்குப் படம்

எதையும் எப்படிக் கட்டுப்படுத்துவது என்று அலசும் ‘சைபர்நெட்டிக்ஸ்’ நூலை நார்பர்ட் வீனர் 1948-இல் எழுதினார். பாவம், நூறு நாள் வேலையைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1971-இல் சிலி நாட்டுத் தொழிற்சாலைகளை ஒரே அறையிலிருந்து ஆட்டிவைக்கப் புறப்பட்ட ஸ்டாஃபோர்ட் பீரும் ஏழு சுழல் நாற்காலிகளோடு நின்றுவிட்டார். நமக்கு ஒரு கைபேசி போதும்.

நைனார்பாளையத்தில் மண் வெட்டினாலும் நாக்பூரில் வெட்டினாலும், காலையில் ஒரு படம், நான்கு மணி நேரம் கழித்து இன்னொரு படம். 2023 ஜனவரியில் இதுதான் வருகைப் பதிவு என்று ஆனது. கல்வராயன் மலையில் சிக்னல் கிடைக்காதே என்கிறீர்களா? தேடி ஏறட்டும். அதுவும் உடலுழைப்புதானே!

ஆளைப் படமெடுக்காமல், படத்தையே படமெடுத்து ஏற்றுகிறார்கள் என்பதை 2025 ஜூலையில் டெல்லி கண்டுபிடித்தது. மருந்தும் உடனே வந்தது. எல்லாப் படத்தையும் ஊராட்சி பார்க்கும். ஒன்றியமும் மாவட்டமும் மாநிலமும் ஆளுக்குக் கொஞ்சம் பார்க்கும். அடங்குகிறவனிடம் எத்தனை வகை உண்டோ அத்தனையும் அடக்குகிறவனிடம் வேண்டும் என்றார் இன்னொரு சைபர்நெட்டிக்ஸ்காரரான ராஸ் ஆஷ்பி. வகைக்கா இங்கே பஞ்சம்? பார்ப்பவர்கள் பார்த்தார்களா என்று அவர்களையும் தினம் இரண்டு படம் எடுத்துவிட்டால், வெட்டுகிற ஆளைவிடப் பார்க்கிற ஆள் கூடிவிடும். வேலை உறுதித் திட்டம் என்ற பெயரும் நிலைக்கும்.

இந்தப் பெருமையை மண்வெட்டியோடு நின்ற ஓர் அக்காவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரி தம்பி, நாங்க வெட்டின குட்டைய எப்ப படம் புடிப்பாங்க?” என்றார்.