யானைக்கு நன்றி, வனத்துறைக்கு மனு

கவலைப்படுவதற்கு ஓசூர் வசதியான ஊர். காவிரிக்காகக் கர்நாடகாவில் பந்த் என்றால் நம் பஸ்கள் எல்லையில் ஜூஜுவாடியோடு நின்றுவிடும். ஆர்டர் குறைந்தால் சிப்காட்டில் மிஷின் நின்றுவிடும். கவலை மட்டும் மூன்று ஷிஃப்டும் ஓடும்.

இதற்கு மருந்தாக எங்கள் கம்பெனியில் ஒரு பயிற்சி வகுப்பு வைத்து, ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார்கள். "தினமும் படுக்கும் முன்னால அஞ்சு விஷயத்துக்கு நன்றி எழுதுங்க சார், டென்ஷனே இருக்காது" என்றார் ஹெச்.ஆர். தம்பி.

எழுதினேன். ஓசூர் குளிருக்கு நன்றி. ஆனால் மே மாதம் பிறந்தால் சென்னைச் சொந்தக்காரர்கள் பெட்டியோடு வந்துவிடுகிறார்கள். சொந்த வீட்டுக்கு நன்றி. தவணை ஐந்தாம் தேதி. பையனுக்குப் பெங்களூரில் வேலை, அதற்கும் நன்றி. மணி ஒன்பதாகியும் சில்க் போர்டு சிக்னலிலேயே இருக்கிறானாம்.

மனைவி நோட்டைப் புரட்டினாள். "ஏங்க, இது நன்றி நோட்டா, புகார்ப் பெட்டியா? தவணைக்கெல்லாம் வரி இருக்கு. அடகுல இருக்கிற என் வளையலுக்கு ஒரு வரியக் காணோமே?"

ஆராய்ச்சி ஒன்றும் பொய்யில்லை. அமெரிக்காவில் எம்மன்ஸ், மெக்கல்லா என்ற இருவர் 2003-இல் வெளியிட்டது: வாரம் ஒருமுறை நன்றிப் பட்டியல் எழுதியவர்கள், தொல்லைகளைப் பட்டியலிட்டவர்களைவிட நம்பிக்கையோடு இருந்தார்களாம். (அந்தத் தொல்லைக் குழுவில் எனக்கு இன்டர்வியூ இல்லாமலே வேலை கிடைத்திருக்கும்.) பிறகு லியுபோமிர்ஸ்கி என்ற அம்மையார் சோதித்ததில், வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குப் பலன் தெரிந்தது, மூன்று முறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. தினமும் எழுதச் சொன்ன தம்பி அந்தப் பக்கத்தைத் தாண்டிவிட்டார் போலிருக்கிறது. நன்றி சொன்ன உடனே கவலை போய்விடுமா என்ன? வள்ளுவரைப் பாருங்கள்: செய்ந்நன்றி அறிதல் 11-ஆம் அதிகாரம், இடுக்கண் அழியாமை 63-ஆம் அதிகாரம். நடுவில் 51 அதிகாரம் நடக்க வேண்டும்!

நான் பார்த்ததில் நன்றி சரியாக வேலை செய்தது தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி போட்டிருக்கும் என் மச்சினனிடம்தான். ராகி முற்றும் நாளில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டம் இறங்கும். இவன் பரண் மேல் டார்ச்சோடு விடிய விடிய உட்கார்ந்திருப்பான். போன அறுவடையில் பாதிக் கொல்லை போய்விட்டது. ஆறுதல் சொல்லப் போனேன்.

"பாதிய விட்டுட்டுப் போச்சே மாமா. வூட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. நல்ல மனசு அதுக்கு" என்று காட்டைப் பார்த்துக் கும்பிட்டான். கும்பிட்ட கையோடு, நஷ்டஈடு கேட்டு வனத்துறைக்கு எழுதிய மனுவை என்னிடம் நீட்டினான், எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி. அன்று ராத்திரி குறட்டை விட்டுத் தூங்கினான். பக்கத்தில் படுத்திருந்த எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

ஹெச்.ஆர். தம்பிக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த நோட்டில் இடப்பக்கம் நன்றிக்கு, வலப்பக்கம் மனுவுக்கு என்று அச்சடித்துக் கொடுங்கள். இடப்பக்கத்தில் முதல் வரி வளையலுக்கு. வலப்பக்கத்தில் வரவேண்டிய இன்சென்டிவ் பாக்கியை எழுதித் தருகிறேன், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.