மாதிரிதானே தம்பி!

வியாழக்கிழமை பெங்களூரு விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்தில் நிற்கும் கூட்டத்தில் பாதிப் பேர் வாடகை வீட்டுக்காகத்தான் வேண்டுகிறார்கள் என்பது என் சந்தேகம். அரசு வீடு கட்டித் தரும் என்று இங்கே எவரும் காத்திருப்பதில்லை. இருபதுக்கு முப்பது சைட்டில் மாடிமேல் மாடி எழுப்பி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மிஞ்சிய இடத்துக்கும் ‘ஒன் ஆர்கே’ என்று பெயர் சூட்டி, ஊருக்கே கூரை கொடுப்பவர் ஓனர் அங்கிள்தான். புண்ணியவான்.

புண்ணியத்தின் விலை, பத்து மாத அட்வான்ஸ். மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம் இரண்டு மாதம் போதும் என்கிறதே என்றேன். “மாதிரிதானே தம்பி!” என்றார். மாதிரியை மாநிலம் தன் சட்டமாக்கினால்தான் செல்லும் என்பது அவருக்கு மனப்பாடம். அக்ரிமென்ட் மட்டும் 11 மாதம். ஓராண்டைத் தாண்டினால் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிய வேண்டுமே!

பிறகு நேர்காணல். கல்யாணம் ஆயிற்றா, கறி சமைப்பீர்களா, ஊரிலிருந்து அடிக்கடி ஆள் வருமா? வேலைக்குச் சேர்ந்தபோதுகூட இத்தனை கேட்கவில்லை.

காலி செய்கையில் பெயின்டுக்கென்று ஒரு மாத வாடகை பிடித்தம். அடுத்து குடிவந்த பையனைப் பார்க்கப் போனேன். சுவரில் என் காலண்டர் ஆணி அப்படியே இருந்தது.