முப்பது எழுத்துக்கு அடங்காதவர்

ஊருக்கு ஒருவராவது இருக்கிறார். சென்னை ஓஎம்ஆரில் வாடகை மேசையிலும் இருக்கிறார், கோவை பீளமேட்டில் மொட்டை மாடி அறையிலும் இருக்கிறார். விசிட்டிங் கார்டில் 'ஃபவுண்டர் அண்ட் சிஇஓ' என்று போட்டிருக்கும். டெவலப்பர், டிசைனர், டெஸ்டர், டீ வாங்கி வருபவர் எல்லாமே அவர்தான். பெயர் எதற்கு, நம்மாள் என்றே வைத்துக்கொள்வோம்.

கோடு எழுதுவதில் நம்மாள் கெட்டிக்காரர். நெட் இல்லாத மலைக்கிராமத்திலும் ராகுகாலம் காட்டும் காலண்டர் ஆப் செய்துவிடுவார். அவருக்குச் சனி பிடிப்பது அதற்குப் பிறகுதான். ஆப்பின் பெயர், விளக்கம், படங்கள், தேடுசொற்கள் என்று ஸ்டோரில் நிரப்பவேண்டிய பெட்டிகளின் முன்னால் உட்காரும்போது.

பெட்டிகளோ சின்னவை. ஆப்பிளின் ஸ்டோரில் பெயருக்கு 30 எழுத்து, துணைத் தலைப்புக்கு 30, தேடுசொற்களுக்கு 100. விளக்கத்துக்கு மட்டும் தாராளமாக 4000. கூகுள் பிளேயிலும் பெயருக்கு 30தான். 2021 வரை அங்கே 50 இருந்தது. நம்மாளுக்குக் காசு கொடுத்து ஆப் செய்யச் சொன்ன சிவகாசி காலண்டர் அச்சக முதலாளிக்கு இந்தக் கணக்கெல்லாம் ஏறாது.

"தம்பி, பேர்லயே ராசிபலன், பஞ்சாங்கம், கௌரி நல்ல நேரம், இலவசம், நம்பர் ஒன்னு எல்லாம் வந்துரணும்."

"முப்பது எழுத்துதாண்ணே விடுறான்."

"நம்ம தேதித் தாள்ல உள்ளங்கை அகலத்துல சூலம், பரிகாரம், வெல்லம் வரைக்கும் போடுறோம். அம்மாம் பெரிய கம்பெனிக்காரன்கிட்ட இடமில்லையாக்கும்?"

கல்யாணப் பத்திரிகையில் ஒரு சித்தப்பா பெயர் விட்டுப்போனால் என்ன ஆகுமோ, அந்தப் பயம் நம்மாளுக்கு ஒவ்வொரு சொல்லிலும் உண்டு. பெயரில் இடமில்லாததைத் துணைத் தலைப்பில் திணிப்பார். அங்கே வழிந்ததைத் தேடுசொல் பெட்டியில் தள்ளுவார். ஸ்டோருக்கு வருபவர் கண்ணுக்குத் தெரியாத பெட்டி அது என்று தெரிந்ததும் தைரியம் கூடிவிடும். போட்டி ஆப்களின் பெயர்கள், ஒரு கிரிக்கெட் வீரர், அந்த வாரம் வெளியான படத்தின் கதாநாயகன் எல்லோரும் உள்ளே வந்துவிடுவார்கள். காலண்டருக்கும் கதாநாயகனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், "சர்ச்ல வரும் சார்" என்பார்.

படங்கள் இன்னும் விசேஷம். முதல் ஸ்கிரீன்ஷாட்டில் பிள்ளையார், பக்கத்திலேயே அச்சகத்தைத் தொடங்கிய தாத்தா. இரண்டாவதில் மொபைல் எண்ணும் ஓடிபியும் கேட்கும் லாகின் பக்கம். மூன்றாவதில்தான் காலண்டர் தலைகாட்டும். அதையும் தங்கச்சியின் ஆண்ட்ராய்டு போனில் எடுத்திருப்பார். படத்தின் அடியில் முக்கோணம், வட்டம், சதுரம் என்று மூன்று பொத்தான்கள் பளிச்சென்று தெரியும்.

அனுப்பியாயிற்று. பத்தில் ஒன்பது விண்ணப்பங்களை 24 மணி நேரத்துக்குள் பார்த்துவிடுவதாக ஆப்பிள் சொல்கிறது. நம்மாள் விஷயத்தில் சொன்ன சொல் தவறுவதில்லை. மறுநாளே சிவப்பில் 'மெட்டாடேட்டா ரிஜெக்டட்' என்று வந்து நிற்கும்.

கடிதத்தில் விதி எண்ணோடுதான் எழுதியிருப்பார்கள். 2.3.3: ஸ்கிரீன்ஷாட் என்பது ஆப் வேலை செய்வதைக் காட்டவேண்டும், வெறும் முகப்புப் படமோ லாகின் பக்கமோ போதாது. 2.3.7: பெயரிலும் தேடுசொல்லிலும் விலை, பிறருடைய வணிகப் பெயர், சம்பந்தமில்லாத சொல் கூடாது. 2.3.10: வேறு போன் தளங்களின் பெயரோ அடையாளமோ கூடாது. ஆனால் நம்மாள் கண் அந்த எண்களுக்கு அடுத்த சொல்லிலேயே நின்றுவிடும். ஆப்பிளின் விதிப் புத்தகத்தில் இந்த 2ஆம் பிரிவுக்குத் தலைப்பு 'பெர்ஃபார்மன்ஸ்'. கடிதத்திலும் அது அப்படியே வரும். ஆப் மெதுவாக ஓடுகிறது என்கிறார்கள் என்று முடிவுகட்டி, ராத்திரி முழுக்க உட்கார்ந்து கோடை முடுக்கிவிடுவார். விடிகாலையில் ஆப் மின்னலாகத் திறக்கும். பிள்ளையாரும் தாத்தாவும் இன்னும் சீக்கிரம் தெரிவார்கள். புது பில்டு போகும். அதே கடிதம் திரும்பி வரும்.

இப்போது நம்மாளுக்கு ரோஷம் வந்துவிடும். ஆய்வாளருக்குப் பதில் எழுதுவார். 'ரெஸ்பெக்டட் சார் ஆர் மேடம்' என்று தொடங்கி, தன் பத்து வருட அனுபவம், முதலாளியின் மூன்று தலைமுறைத் தொழில், தமிழ்க் கலாசாரத்தில் பஞ்சாங்கத்தின் இடம் எல்லாவற்றையும் விளக்கி, 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' என்று முடிப்பார். இணைப்பாகப் போட்டி ஆப்பின் படம்: அவன் மட்டும் 'ஃப்ரீ' என்று போட்டிருக்கிறானே! அடுத்த நாள் பதில் வரும், முதல் கடிதத்தின் அதே பத்தியோடு.

அடுத்தது வாட்ஸ்அப் குரூப். "இந்தியான்னா இளக்காரம் மச்சான்" என்று ஒருவர் தூபம் போடுவார். அமெரிக்காக்காரரையும் விட்டுவைத்ததில்லை என்பதுதான் உண்மை. 2010இல் எஸ்ஏடி தேர்வுக்குச் சொல்வளம் கற்பிக்கும் 'ஃப்ளாஷ் ஆஃப் ஜீனியஸ்' என்ற ஆப், தான் கூகுளின் ஆண்ட்ராய்டு போட்டியில் இறுதிச் சுற்று வரை வந்ததை விளக்கத்தில் பெருமையாகப் போட்டிருந்தது. ஆப்பை நிராகரிக்கவில்லை, ஆனால் அந்த வரியை எடுத்துவிடுவது நல்லது என்று ஆப்பிள் எழுதியது. அதே ஆண்டு செப்டம்பரில்தான் ஆப்பிள் தன் ஆய்வு விதிகளை முதன்முதலாக வெளியிட்டது. நிராகரித்தால் மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது, பத்திரிகைக்கு ஓடி எங்களைத் திட்டினால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று அதிலேயே எழுதி வைத்திருந்தார்கள். நம்மாளின் வாட்ஸ்அப் குரூப்பை மனத்தில் வைத்து எழுதியது மாதிரியே இருக்கும்.

கடைசியில் குரூப்பில் அதுவரை வாயே திறக்காத ஒரு பெண் கேட்பார்: "அண்ணா, கடிதத்தைக் கீழ வரைக்கும் படிச்சீங்களா?"

படித்திருக்க மாட்டார். மெட்டாடேட்டா ரிஜெக்ட்டுக்குப் புது பில்டு வேண்டியதே இல்லை. பெயரிலிருந்து 'இலவசம்' போகவேண்டும், தேடுசொல்லிலிருந்து கதாநாயகன் போகவேண்டும், ஐபோனிலேயே எடுத்த நாலு ஸ்கிரீன்ஷாட் வேண்டும். என்ன மாற்றினோம் என்று இரண்டு வரி எழுதி, அதே பில்டை மறுபடி அனுப்பினால் போதும். தாத்தா ஆப்புக்குள்ளே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். கடை வாசலில் நிற்கக்கூடாது, அவ்வளவுதான். அரைமணி வேலை. அதில் இருபது நிமிஷம் முதலாளியைச் சமாதானப்படுத்தப் போகும்.

ஆப் ஸ்டோரில் ஏறிய அன்று நம்மாள் எல்லோருக்கும் பால்கோவா கொடுப்பார். மேல்முறையீடு செய்து ஜெயித்ததாகவே ஊருக்குள் பேச்சு.

ஆப்பிள் ஸ்டோரில் 170 எழுத்துக்கு 'ப்ரமோஷனல் டெக்ஸ்ட்' என்று இன்னொரு பெட்டி உண்டு. புது வெர்ஷன் அனுப்பாமலேயே எப்போது வேண்டுமானாலும் அதை மாற்றிக்கொள்ளலாம். நம்மாள் இன்னும் அதைப் பார்க்கவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.