குபேரன் போடாத வழக்கு

நாராயணவனத்தில் கல்யாணம். பெண், ஆகாசராஜன் மகள் பத்மாவதி. மாப்பிள்ளை ஸ்ரீநிவாசன், அதாவது ஏழுமலையான், வகுளமாலிகை தயவில் ஒண்டுக்குடித்தனம், வருமானம் சைபர். மகாலட்சுமி கோபித்துக்கொண்டு கொல்லாபுரம் போனபோதே கஜானாவும் கூடப் போய்விட்டது. சம்பந்தமோ ராஜா வீடு. வேறு வழி? குபேரனிடம் கடன். 1 கோடியே 14 லட்சம் பொன் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. சாட்சி பிரம்மா, சிவன், ஓர் அரசமரம். வட்டி, கலியுகம் முடியும்வரை. கல்யாணத்துக்கு அரைத்த கல் என்று அந்த ஊர்க் கோயிலில் ஒரு பெரிய கல்லை இன்றும் காட்டுகிறார்கள். பத்திரத்தை யாரும் கேட்பதில்லை.

கேட்டிருந்தால் வம்புதான். மத்தியப் பிரதேசத்தில் மோத்திராம் என்ற கொத்தனார் 10,000 ரூபாய் ஜாமீனுக்குத் தம்மோடு பிறந்தவரையே நிறுத்தினார். அவர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, செல்லாது என்றார் மாஜிஸ்திரேட். 1978இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் விடிவு கிடைத்தது. நீதிபதி கிருஷ்ணய்யர் தொகையை ஆயிரமாகக் குறைத்தார். அந்த மாஜிஸ்திரேட் முன்னால் நம் மாப்பிள்ளை தன் மூன்று சாட்சிகளையே ஜாமீனுக்கு நிறுத்தியிருந்தால்? ஒருவர் முகவரி சத்யலோகம், இன்னொருவர் கைலாசம். மூன்றாமவர் ஊரைவிட்டு ஓட மாட்டார், மரம். ஆனால் தாசில்தார் சொத்துச் சான்று தர மாட்டார். 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் 100 பேர் இடத்தில் 131 பேர். முக்கால்வாசிப் பேர் விசாரணைக் கைதிகள். ஜாமீன் உத்தரவு வந்தும், கையெழுத்துப் போட ஆள் கிடைக்காமல் கிடப்பவர்கள் அதில் உண்டு.

சரி, குபேரன் டிக்ரி வாங்கி, சிவில் சிறைக்கு மனுப் போட்டிருந்தால்? 1908ஆம் வருஷத்து உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஒரு குசும்பு வைத்திருக்கிறது: உள்ளே தள்ளியவர்தான் கைதியின் சாப்பாட்டுப் படியைக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் கைதி வெளியே. அதிகபட்சம் மூன்று மாதம். அதற்கப்புறம் அதே டிக்ரிக்காக மறுபடி பிடிக்க முடியாது, கடனும் தீராது. சுப்ரபாதம் தொடங்கி நாளெல்லாம் நைவேத்தியம் கேட்கும் கைதிக்கு மூன்று மாதம் படி கட்டினால் குபேரன் இன்னொரு கடன் வாங்க வேண்டியதுதான். கெட்டிக்காரன், தவணைக்கு ஒத்துக்கொண்டான். தவணையை உண்டியலில் கட்டுவதும் நாம்தான், மொட்டை போட்டுக்கொண்டு.

1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் அதே கிருஷ்ணய்யர் இன்னும் ஒரு படி போனார்: இல்லாதவனைக் கடனுக்காகச் சிறையில் போடாதே, கையில் வைத்துக்கொண்டே கெட்ட எண்ணத்தோடு ஏய்ப்பவனை வேண்டுமானால் போடு.

இந்தச் சலுகை எதுவும் பக்தனுக்குக் கிடைக்கவில்லை. பத்ராசலத்தில் வரிப் பணத்தை எடுத்து ராமனுக்குக் கோயில் கட்டிய தாசில்தார் கோபண்ணாவை, அதாவது ராமதாசரை, கோல்கொண்டாவில் அடைத்தார்கள். 12 வருஷம் என்பார்கள். கடைசியில் ராமனும் லட்சுமணனும் ராவோடு ராவாக வந்து சுல்தான் தானிஷாவிடம் 6 லட்சம் நாணயம் எண்ணி வைத்து மீட்டார்களாம். ரொக்கமாக, ஒரே தவணையில்.

ராமனும் ஏழுமலையானும் ஒரே ஆசாமி என்பது குபேரனுக்குத் தெரியாதா என்ன? கடனாளிக்கு வசதி இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?